பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்

கொழும்பில் வேலை செய்யும் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



புறக்கோட்டைத் துணிக்கடையிலும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையிலும் வத்தளை ஸ்டோரிலும் நிற்கிற உங்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். “அண்ணே, வீட்டில தம்பி உயர்தரம் எடுக்கிறான். கம்பியூட்டர் ஒண்ணு வாங்கணும். கடையில பூட்டின செட்டா வாங்குறதா, சாமானை வாங்கி நாங்களே பூட்டுறதா?” ஆளுக்கு ஆள் பதில் எழுதினால் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகிறது. அதனால் எல்லாருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நான் கடைக்காரன் இல்லை, எந்தக் கடையோடும் கொமிசன் கணக்கும் கிடையாது. லயத்து வீடுகளில் நின்றுபோன மெசின்களைத் திறந்து பார்ப்பவன், அவ்வளவுதான்.

முதலில் காசைப் பேசிவிடுவோம். 2024 செப்டெம்பரில் தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 சேர்த்து, 1750 என்று அறிவித்தார்கள். மொனிட்டர், யூ.பி.எஸ். எல்லாம் சேர்த்து ஒரு செட் ஒன்றே முக்கால் லட்சம் என்று வைத்துக்கொண்டால், அது அம்மாவின் 100 முழுப்பேர், அதாவது நூறு நாள் முழு வேலை. அரைப்பேர் விழுந்த நாளையும், மழைக்குப் பால்வெட்டு நின்ற நாளையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நீளும். நீங்கள் கொழும்பிலிருந்து அனுப்பினாலும் கதை அதேதான். சீட்டை எடுத்தும், தீபாவளி முற்பணத்தில் ஒதுக்கியும் சேர்க்கிற காசு. இரண்டாம் தடவை சேர்க்க முடியாது. ஆகவே வாங்குகிற நாளில் எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்பதை நான் பெரிதாக எடுப்பதில்லை. நாலு வருடம் கழித்தும் அது ஓடுமா, நின்றுபோனால் மலையிலேயே வைத்து யாராவது ஓட வைக்க முடியுமா, அதுதான் என் கணக்கு. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

நீங்கள் கேட்கிற கேள்வி வெளிநாட்டு வீடியோக்களிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி கணினியைப் பூட்டி விற்றால் கூலியையும் இலாபத்தையும் சேர்த்து விலை வைக்கும். அதனால் அங்கே சொந்தமாகப் பூட்டுகிறவனுக்குக் காசு மிஞ்சுகிறது என்று பேசுகிறார்கள். நம் ஊரில் அந்தக் கணக்கு செல்லாது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் பிராசசர், மதர்போர்ட், ரெம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கேசிங் என்று எல்லாவற்றையும் ஒரே கடையில் எடுத்தால், பூட்டுக்கூலி என்று பெரும்பாலும் தனியாகக் கேட்கமாட்டார்கள். அரை மணி, முக்கால் மணியில் கண் முன்னாலேயே பூட்டி, விண்டோஸ் ஏற்றித் தந்துவிடுவார்கள். ஆக, காசு மிச்சம் என்பதற்காக மட்டும் நீங்களே பூட்டப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். மிச்சம் இல்லை.

பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுகிற வசதி நமக்கு எப்படி வந்தது என்பதையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்பியூட்டரை வெளியிட்டபோது, அவசரத்தில் அதன் பாகங்களில் பெரும்பகுதியைச் சந்தையில் கிடைத்தவற்றிலிருந்தே எடுத்துப் பூட்டியது. மற்றவர்கள் அதைப் பார்த்து அதே போலச் செய்யத் தொடங்கினார்கள். 1984இல் மைக்கேல் டெல் என்ற மாணவர் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையிலிருந்தே கணினிகளை விற்கத் தொடங்கினார். இன்றைக்கு டெல் என்று நாம் கூப்பிடுகிற கம்பெனியின் பிறப்பு அதுதான். தாய்வானில் செய்த மதர்போர்ட்டில் கொரியாவின் ரெம் போய் உட்காருவது இந்தத் திறந்த வழக்கத்தால்தான். உங்கள் தம்பி நாளைக்குக் கேசிங்கைத் திறந்து ஒரு துண்டை மட்டும் மாற்றலாம் என்ற நம்பிக்கைக்கும் அடி அதில்தான் இருக்கிறது.

சரி, கடைக்குப் போனால் என்ன நடக்கும்?

வாசலிலேயே “ஸ்டூடன்ட் பெக்கேஜ்”, “ஒஃபிஸ் பெக்கேஜ்” என்று அட்டை தொங்கும். கோர் ஐ5, 8 ஜி.பி. ரெம், 500 வோட் பவர் சப்ளை, மொனிட்டரோடு சேர்த்து இவ்வளவு. விலை ஆசை காட்டும். என் அனுபவத்தில் லயத்துக்கு வந்து சேர்ந்து நின்றுபோகிற மெசின்களில் அதிகமானவை இந்த வகைதான். கோர் ஐ5 என்பது ஒரு மெசினின் பெயர் இல்லை, பதினைந்து வருடத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிற ஒரு குடும்பத்தின் பெயர். பின்னால் வருகிற இலக்கத்தைப் பாருங்கள். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. ஐ5-8500 எட்டாம் தலைமுறை. ஐ5-12400 பன்னிரண்டாம் தலைமுறை. அட்டையில் எல்லாமே “கோர் ஐ5” தான். பழைய அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றிய மூன்றாம் தலைமுறை பிராசசரைச் சீனாவில் புதிதாகச் செய்த எச்61 மதர்போர்ட்டில் பொருத்தி, வர்ண விளக்கு எரிகிற கேசிங்குக்குள் போட்டு “பிராண்ட் நியூ” என்று விற்பது நடக்கிற காரியம். கேசிங் புதிது, போர்ட் புதிது என்று அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் உள்ளே இருக்கிற அந்தப் பழைய பிராசசரைவிட ஐ3-12100 எவ்வளவோ வேகம்.

இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11ஐ முறையாகப் போட வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, ஏ.எம்.டி.யில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேலோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றிலும் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். ஏற்றலாம், ஒரு நாள் பெரிய அப்டேட் வரும்போது மல்லுக்கட்டும். தம்பி படிக்கப்போவது பைத்தன், தரவுத்தளம், வலைப்பக்கம் என்றால் லினக்ஸே தாராளமாகப் போதும், காசும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் விண்டோஸில் பழகிய பிள்ளை வீட்டிலும் அதையேதான் கேட்கும். அதையும் நாம் மதிக்க வேண்டும்.

பவர் சப்ளையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. இங்கேதான் நான் உங்களோடு சண்டை போடுவேன். கேசிங்கோடு சும்மா வருகிற பவர் சப்ளையின் மேல் 500 வோட் என்று ஸ்டிக்கர் இருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள், காற்றுப் போல இருக்கும். உள்ளே இருக்க வேண்டிய வடிகட்டிகளும் பாதுகாப்புச் சுற்றுகளும் இல்லாததால்தான் அந்த இலேசு. அது சாகும்போது தனியாகச் சாகாது, மதர்போர்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். 80 பிளஸ் சான்று உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 450 வோட் போதும். 450 வோட் என்றதும் கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படாதீர்கள். அது கொடுக்கக்கூடிய உச்ச அளவு. கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத ஒரு சாதாரண மெசின், மொனிட்டரோடு சேர்த்து, படிப்பு வேலைக்கு 80 வோட் அளவில்தான் எடுக்கும். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் ஓடினாலும் மாதத்துக்குப் பத்து யுனிட்டைத் தாண்டாது.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு முள்ளை விட்டு உங்கள் அம்மாமார் கண்ணை எடுக்கமாட்டார்கள். அந்தக் கண் கடையில் பில் போடும்போது உங்களுக்கு வேண்டும். “கம்பியூட்டர் செட் – 1” என்று ஒரே வரியில் பில் தந்தால் வாங்காதீர்கள். பிராசசரின் முழு இலக்கம், மதர்போர்ட்டின் மொடல், ரெம் எந்த வகை, எத்தனை துண்டு, பவர் சப்ளையின் பெயர், ஒவ்வொன்றின் சீரியல் இலக்கம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம் வொரண்டி, இவ்வளவும் வரி வரியாக எழுதியிருக்க வேண்டும். இப்படிக் கேட்டால் முகம் சுளிக்கிற கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள். ஒரே கட்டடத்தில் எத்தனை கடை!

வொரண்டியிலும் ஒரு விஷயம். சில கடை பில்களின் அடியில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். எரிந்த அடையாளம், துரு, உடைவு இருந்தால் வொரண்டி இல்லை என்றும் இருக்கும். மின்னல் அடித்து எரிந்ததும் இதற்குள்தான் வரும். இதெல்லாம் வாங்கும்போதே வாசிக்க வேண்டிய எழுத்து. கடைக்காரர் சொன்ன வாக்கை மீறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ஆனால் பில் இல்லாதவனின் முறைப்பாட்டை யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது நீங்களே பூட்டுகிற கதைக்கு வருகிறேன். முடியுமா? தாராளமாக முடியும். ஒரு நட்சத்திர முனை ஸ்குரூட்ரைவர் போதும். பிராசசரை வைப்பது, கூலரை மாட்டுவது, ரெம்மை இரண்டு பக்கமும் ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அழுத்துவது, எஸ்.எஸ்.டி.யை ஒரு ஸ்குரூவில் இறுக்குவது, வயர்களைச் சொருகுவது. பெரும்பாலான சொருகிகள் தப்பான பக்கத்தில் போகவே போகாது. கஷ்டமான இடம் ஒன்றே ஒன்று, பிராசசர் உட்காருகிற சொக்கெட். இன்டெல் போர்ட்டுகளில் தலைமயிர் போன்ற பின்கள் மதர்போர்ட்டில் இருக்கும். ஏ.எம்.டி.யின் பழைய ஏ.எம்.4 வகையில் அவை பிராசசரின் அடியில் இருக்கும், புதிய ஏ.எம்.5இல் போர்ட்டுக்குப் போய்விட்டன. ஒரு பின் வளைந்தாலும் மெசின் எழும்பாமல் போகலாம், வொரண்டியும் போய்விடும். கை நடுங்குகிறவர்கள் அந்த ஒரு வேலையைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவது நல்லது.

ஆனால் நான் தயங்குவது அதற்காக இல்லை. எல்லாம் ஒழுங்காகப் பூட்டியும் மெசின் எழும்பாவிட்டால் என்ன செய்வீர்கள்? கடையில் நூறு ரெம் இருக்கிறது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் எது பழுது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மேட்டு லயத்தில் ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிற உங்களிடம் மாற்றிப் பார்க்க ஒரு துண்டுகூட இல்லை. மதர்போர்ட்டா, ரெம்மா, பவர் சப்ளையா என்று தெரியாமல் முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அரநாயக்கவிலிருந்து மாவனல்லைக்கு ஒரு பஸ், மாவனல்லையிலிருந்து கொழும்புக்கு இன்னொரு பஸ், புறக்கோட்டையிலிருந்து காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ். அதற்கு ஒரு நாள் லீவு, ஒரு நாள் பேர் போச்சு.

இதை எல்லாம் வைத்து என் முடிவைச் சொல்கிறேன். பாகங்களை நீங்கள் தெரிவு செய்யுங்கள், பூட்டுவதைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். வெட்கப்படாமல் ஃபோனில் வீடியோ எடுங்கள். எழும்பி, விண்டோஸ் ஏறி, அரை மணியாவது ஓடிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். எல்லாப் பாகத்தின் காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். அவை குப்பை இல்லை, வொரண்டிக்கு அனுப்பும்போது அவற்றில்தான் வைத்து அனுப்ப வேண்டும். கேசிங்கைத் திறந்தால் வொரண்டி போகும் என்று ஸ்டிக்கர் ஒட்டப் பார்த்தால், ஒட்ட வேண்டாம், பாகங்களில் தனித்தனியாக ஒட்டுங்கள் என்று முதலிலேயே பேசி முடியுங்கள். பூட்டிய பெட்டியைத் திறக்கக்கூடாது என்று விற்கிற கடையில் வாங்கவே வேண்டாம். அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

வீட்டுக்கு வந்தபின் ஒரு விடுமுறை நாளில் தம்பியையோ தங்கச்சியையோ கூப்பிட்டு உட்கார வைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, கேசிங்கைத் திறந்து, ரெம்மைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.டி.யையும் அப்படியே. முழு மெசினையும் பூட்டியவனுக்குக் கிடைக்கிற அறிவில் முக்கால்வாசி அந்த ஒரு மணித்தியாலத்தில் கிடைத்துவிடும். நம் பக்கத்து ஈரத்தில் ரெம்மின் தங்க நிற விளிம்பில் படலம் படிந்து மெசின் எழும்பாமல் போவது சாதாரணம். கழற்றி, வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து மாட்டினால் அநேகமாக எழும்பிவிடும். திகதி ஒவ்வொரு நாளும் பழைய வருடத்துக்குப் போகிறது என்றால் மதர்போர்ட்டில் இருக்கிற சி.ஆர். 2032 என்ற வட்டப் பெட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரக் கடையில்கூட கிடைக்கிற பெட்டரி. இந்த இரண்டுக்கும் முழு மெசினையும் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு வந்த வீடுகள் நம் டிவிசன்களிலேயே இருக்கின்றன.

பாகம் தெரிவு செய்வதில் ஒரு பொறி உண்டு. இன்டெல் இலக்கத்தின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அந்த பிராசசரில் படம் காட்டுகிற வசதி இல்லை. ஐ3-12100 என்றால் மொனிட்டரை நேரே மாட்டலாம். ஐ3-12100எஃப் என்றால் தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் கறுப்புத் திரைதான். விலை குறைவு என்று எஃப்பை எடுத்துவிடாதீர்கள். ஏ.எம்.டி.யில் ஏ.எம்.4 சொக்கெட்டுக்கு எடுக்கிறதென்றால் ரைசன் 5 5600ஜி போல ‘ஜி’ உள்ளதாகப் பாருங்கள்.

ரெம் விலையைப் பற்றியும் நீங்கள் கேட்டீர்கள். கடைக்காரர் ஏமாற்றவில்லை, உண்மையாகவே ஏறித்தான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகமெங்கும் கட்டுகிற தரவு மையங்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரெம்முக்குத் தட்டுப்பாடு. 2025 டிசெம்பரில் மைக்ரோன் கம்பெனி, சாதாரண மக்களுக்கு விற்றுவந்த ‘குரூஷியல்’ வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. பம்பலப்பிட்டியில் ஒரு துண்டு ரெம்மின் விலையை அமெரிக்காவில் எவனோ கட்டுகிற கட்டடம் தீர்மானிக்கிறது. நாம் கையாலாகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம், 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் பாய்ந்தபோது பார்த்த மாதிரியே. இதற்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். டி.டி.ஆர்.4 ரெம் ஏற்கிற மதர்போர்ட்டாக எடுங்கள், பழைய மெசின்களில் கழற்றிய நல்ல ரெம் அந்த வகையில் நிறையக் கிடைக்கும். இப்போதைக்கு 8 ஜி.பி. ஒரு துண்டு போட்டு, இரண்டாவது இடத்தைக் காலியாக வைத்து, விலை இறங்கும்போது இன்னொன்று போடலாம். இந்த வசதி பூட்டின செட்டிலும் உண்டு, மதர்போர்ட்டில் எத்தனை ரெம் இடம் இருக்கிறது என்று கேட்டிருந்தால்!

இந்த விலையேற்றத்தால் இன்னொரு வழி இப்போது முன்னைவிட நல்ல வழியாகிவிட்டது. வங்கிகளும் கம்பெனிகளும் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். ரெம், எஸ்.எஸ்.டி. எல்லாம் உள்ளேயே இருக்கும். பெட்டி சின்னது, பலமானது, இரைச்சல் இல்லை. எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் எடுத்தால் ஒரு பிள்ளையின் உயர்தரத்துக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் தாங்கும். கையில் ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், வாசலில் தொங்குகிற பெக்கேஜை அல்ல. ஒரே குறை, இவற்றில் பவர் சப்ளையும் மதர்போர்ட்டும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த அளவு. எரிந்தால் பொதுச் சந்தைச் சாமான் பொருந்தாது, அதே மொடலைத் தேடித்தான் மாற்ற வேண்டும்.

மடிக்கணினி வாங்கினால் என்ன என்று கேட்ட தங்கச்சிக்கும் ஒரு வரி. ஹொஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு அதுதான் சரி. வீட்டில் மூன்று பிள்ளைகள் பகிர்ந்து பாவிக்கப்போவது என்றால் டெஸ்க்டொப். கீபோர்ட்டில் தேத்தண்ணி கொட்டினால் கீபோர்ட்டை மட்டும் மாற்றலாம்.

மலைக்குக் கொண்டுவருகிற விஷயத்தில் கவனம் வேண்டும். மொனிட்டரை அதன் சொந்தப் பெட்டியிலேயே, நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் பின் இருக்கைக்குக் கீழே தள்ளாதீர்கள், மாவனல்லையிலிருந்து ஏறுகிற பாதையின் குலுக்கல் உங்களுக்குத் தெரியும். மடியில் வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. வந்ததும் உடனே போடாமல், பக்கக் கதவைத் திறந்து, ஏதாவது கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்து வயரிங். கேசிங்கைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று அடிக்கடி சொல்கிறீர்கள். மெசின் பழுதில்லை, வீட்டில் ஏர்த் இல்லை. பவர் சப்ளையின் வடிகட்டி வழியாகக் கசிகிற மின் ஏர்த்துக்குப் போக வழியில்லாமல் கேசிங்கில் நிற்கிறது. பழைய லயங்களில் மூன்று முனைப் பிளக் இருக்கும், பின்னால் ஏர்த் வயர் இருக்காது. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த கரண்டாக இருந்தால் சொல்லவே வேண்டாம். கம்பியூட்டருக்கு ஒன்றே முக்கால் லட்சம் செலவழிக்கிறவர்கள் முதலில் ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏர்த் போட்டு, டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இது மெசினைவிடப் பிள்ளையின் உயிருக்கு வேண்டியது.

யூ.பி.எஸ். மின்னலைத் தடுக்காது. கரண்ட் போனால் சேமித்து மூடப் பத்து நிமிடம் தரும், அதற்குத்தான் அது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. செம்புக் கம்பி வழியாக வருகிற இணைப்பு என்றால் ரவுட்டரின் ஃபோன் வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். வீட்டில் இருக்கிற பாட்டிக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், பகலில் வீட்டில் இருப்பது அவர்தானே. பல்லி நுழைகிற ஓட்டைகளைப் பின்பக்கத் தகட்டால் மூடுங்கள். பவர் சப்ளைக்குள் போய் இரண்டு முனையையும் தொட்டுச் செத்த பல்லியால் எரிந்த மெசினை எந்தக் கடையும் வொரண்டியில் எடுக்காது.

2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்ததை அரநாயக்கவில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அன்றைக்கே புளத்கொஹுபிட்டியில் களுபஹன தோட்டத்திலும் நம்மவர்களை மண் மூடியது. அடைமழையில் எச்சரிக்கை வந்து இறங்கச் சொன்னால் டெஸ்க்டொப்பைப் பார்க்கக்கூடாது, விட்டுவிட்டு இறங்க வேண்டும். பாடக் குறிப்புகள், பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றின் பிரதியும் ஒரு பென்டிரைவில், அடையாள அட்டை வைக்கிற அதே பைக்குள் எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு யோசனை. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். நீங்கள் ஆளுக்கொரு வகையாக வாங்குகிறீர்கள். ஒரு வீட்டில் எச்61, அடுத்த வீட்டில் ஏ.எம்.4, மூன்றாம் வீட்டில் எச்.பி. ஒருவரின் மெசின் நின்றால் இன்னொருவரின் பாகத்தை மாற்றிப் பார்க்க வழியில்லை. ஒரே தோட்டத்துக்கு வாங்குகிறவர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே வகையை வாங்கினால் என்ன? ஒரே சொக்கெட், ஒரே வகை ரெம், பொது அளவுப் பவர் சப்ளை. அப்போது பழுது பார்க்க வெளியே போக வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடும். மேல் வீட்டு ரெம்மைக் கீழ் வீட்டு மெசினில் போட்டுப் பார்த்து, எது போயிற்று என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம். பழுதான துண்டை மட்டும் அதன் பெட்டியில் வைத்து, கொழும்புக்குத் திரும்புகிற யாராவது ஒரு தம்பியின் கையில் கொடுத்தனுப்பலாம். நீங்கள் கடைக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள், சாப்பாட்டு நேரத்தில்கூட கொண்டுபோய்க் கொடுக்கலாம். யாரும் ஒரு நாள் பேரை இழக்கவேண்டியதில்லை. ஐந்தாறு வீட்டார் சேர்ந்து உதிரியாக ஒரு பவர் சப்ளையும் ஒரு துண்டு ரெம்மும் வாங்கி, வாசிகசாலையிலோ கோயில் நிர்வாகத்தின் அலுமாரியிலோ பூட்டி வைத்தால் இன்னும் நல்லது. ஒரே நேரத்தில் ஐந்து செட் எடுக்கிறோம் என்றால் கடையிலும் விலை பேச முடியும்.

இந்த வருடம் வாங்க நினைத்திருப்பவர்கள், எந்தத் தோட்டம், எவ்வளவு காசு, எந்த மாதம் என்பதை எனக்கு எழுதுங்கள். கடையில் கொட்டேசன் எடுத்தால் முற்பணம் கட்டுவதற்கு முன்னால் படம் பிடித்து அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். ஒரே தோட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்தால்கூட போதும், ஒரே வகையாக எடுத்துத் தொடங்கலாம்.

அன்புடன்,
அரநாயக்கவிலிருந்து உங்கள் அண்ணன்